எல்லாச் சங்கிலியிலும் சரியாக ஒன்று

போன மாதம் ஸ்ருதி தொலைபேசியில் அழைத்தாள். வாஷியில் நான் வேலை பார்த்த பரிசோதனைக் கூடத்தில், எனக்குப் பிறகு மாஸ் ஸ்பெக் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவள் அவள். கெட்டிக்காரப் பெண். தமிழ் நன்றாகப் பேசுவாள். படிக்கச் சொன்னால்தான் எழுத்துக் கூட்ட ஆரம்பிப்பாள்.

"மேடம், சாஃப்ட்வேர் க்ரீன் டிக் குடுத்துடுச்சு. ஆனா பார்ட்டி ஒத்துக்க மாட்டேங்கறான். நான் என்ன பண்ணட்டும்?"

"நீ ஸ்பெக்ட்ரத்தைப் பாத்தியா?"

"டிக் வந்துடுச்சே மேடம்."

"டிக்கை விடு. ஸ்பெக்ட்ரத்தைப் பாத்தியா?"

"அர்ரே, அதான் டிக் வந்துடுச்சுல்ல, அப்புறம் எதுக்குப் பாக்கணும்?"

நான் தொலைபேசியை மேசைமேல் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அவள் அப்போதும் பேசிக்கொண்டுதான் இருந்தாள். கடைசியில், "உங்க எக்ஸ்பீரியன்ஸை எல்லாம் எழுதிக் குடுங்களேன் மேடம், நாங்க படிச்சுக்கறோம்" என்றாள். ஆங்கிலத்தில் எழுதினால் படிப்பார்களாம். ஆங்கிலத்தில் எனக்கு அறிக்கைதான் எழுத வரும். எரிச்சல்படுவதென்றால் தமிழில்தான் முடியும். அதனால் தமிழிலேயே எழுதுகிறேன். யாராவது அவர்களுக்குப் படித்துக் காட்டட்டும்.

என் கதையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். மாட்டுங்காவில் பிறந்தேன். அப்பாவுக்கு ரயில்வே ஆபீஸில் வேலை. வேதியியல் படித்தேன், கல்யாணமாகிச் செம்பூர் திலக் நகருக்கு வந்தேன், அங்கிருந்து ஹார்பர் லைன் ரயிலில் வாஷிக்குப் போய்வந்தேன். ஆரம்ப வருடங்களில் கண்ணாடிப் பாத்திரம் கழுவினேன், அடுத்தவர்கள் எடுத்த ஸ்பெக்ட்ரத்தை ஸ்கேல் வைத்து அளந்தேன், திட்டு வாங்கினேன். பிறகு இயந்திரத்தை என் கையில் கொடுத்தார்கள். ஓய்வு பெறும்வரை அது என் கையில்தான் இருந்தது.

அந்த இயந்திரம் என்ன செய்யும் என்று வீட்டில் யாராவது கேட்டால் பூமாலையை வைத்துத்தான் சொல்வேன். பாலிமர் என்பது ஒரே பூவை வரிசையாகக் கட்டிய சரம். கோபாலிமர் என்பது இரண்டு வகைப் பூவைக் கலந்து கட்டியது, மல்லியும் ரோஜாவும் மாதிரி. மாஸ் ஸ்பெக் அந்தச் சரங்களை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்க்கும், அவ்வளவுதான். மாதிரியை ஒரு படிகப் பொடியோடும் துளி சோடியம் உப்போடும் கரைத்து, எஃகுத் தட்டில் பொட்டு வைத்து, காயவிட்டு, லேசரால் அடிக்க வேண்டும். ஒவ்வொரு சங்கிலியும் ஒரு சோடியத்தை ஒட்டிக்கொண்டு குழாய்க்குள் பறக்கும். எடை குறைந்தது முதலில் போய்ச் சேரும், கனமானது பின்னால் வரும். வந்து சேர்ந்த நேரத்திலிருந்து எடை தெரியும். காகிதத்தில் அது முகடு முகடாக விழும், அந்தப் படம்தான் ஸ்பெக்ட்ரம்.

இதில் இயந்திரம் சொல்லாத விஷயம் நிறைய. எந்தப் பூவுக்குப் பக்கத்தில் எந்தப் பூ என்று சொல்லாது. சரத்தின் இரண்டு முனையிலும் என்ன முடிச்சு என்று சொல்லாது. மொத்த எடையை மட்டும் சொல்லும். மீதியை நாம் யோசிக்க வேண்டும். ஒரு சமயம் புதிதாகச் சேர்ந்த ஒருவர் பார்த்த பாலிமரெல்லாம் ஆக்ஸிஜன் ஏறிக் கெட்டுப்போயிருந்தது. ஒவ்வொரு முகட்டுக்கும் பதினாறு தள்ளி ஒரு குட்டி முகடு. பதினாறு என்றால் ஆக்ஸிஜன்தானே என்று வாடிக்கையாளர்களைக் கலங்கடித்துவிட்டார். சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் ஒட்டினாலும் ஏறக்குறைய அதே பதினாறுதான் தள்ளும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அவர் பாத்திரம் கழுவிய சோப்பில் இருந்தது பொட்டாசியம். சோப்பை மாற்றினேன், எல்லாப் பாலிமருக்கும் குணமாகிவிட்டது.

இனி மூர்த்தி சார். கூடத்தின் தலைவர். நெருளில் வீடு, அங்கே கோயில் கமிட்டியிலும் இருந்தார். மரியாதையான மனிதர், குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. என் ஆயுளில் பாதி எரிச்சலுக்கு அவர்தான் காரணம். அறிக்கையைக் கொண்டுபோய் வைத்தால், இடது உள்ளங்கையை விரித்து மேல்பாகம் முழுவதையும் மூடிவிடுவார். அடியில் முடிவு என்று எழுதியிருப்பது மட்டும் தெரியும்.

"இதை மட்டும்தாம்மா பார்ட்டி படிப்பான். இதுல 'இருக்கலாம்'னு எழுதியிருக்கே. இருக்கலாம்னா என்ன அர்த்தம்? இருக்கா, இல்லியா?"

"ரெண்டுக்கும் வாய்ப்பு இருக்கு சார். மேல எழுதியிருக்கேன், கையை எடுங்கோ."

கையை எடுக்க மாட்டார். "பார்ட்டி கேட்டது என்ன?" என்பார். அதுதான் அவருடைய சட்டம். கேட்ட கேள்விக்கு ஒரு வரியில் பதில். கேள்வியே தப்பாக இருந்தாலும் பதில் ஒரு வரிதான். அந்தக் கைக்கு அடியில் நான் வருடக்கணக்காக எழுதிய எச்சரிக்கைகள் எத்தனை போயினவோ.

இப்போது செல்வராஜ் விஷயத்துக்கு வருகிறேன்.

என் மகளுக்குப் பிரசவம், நான் லீவில் இருந்தேன். திரும்பி வந்த அன்று காலை, ரிசப்ஷனில் ஒரே கூச்சல். அங்கே உட்காரும் பெண் என்னிடம் ஓடிவந்து, "மேடம், உங்க பாஷைல கத்தறார், வாங்க" என்றாள். வெளியே ஐம்பது வயதிருக்கும் ஒருவர் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு பிளாஸ்டிக் கேன்.

"எஞ் சரக்கு கலப்படம்னு எழுதிக் குடுத்திருக்கீயளாம்லா? எங்க, அந்தக் கடுதாசிய எங்கிட்டக் காட்டுங்க பாப்போம்."

உட்காரவைத்து விசாரித்தேன். பெயர் செல்வராஜ், திருநெல்வேலிப் பக்கம், தாராவியில் தோல் பட்டறைகளுக்கு வேண்டிய ரசாயனங்கள் விற்கிறார். தோலில் சாயம் சீராகப் பரவ ஒரு திரவம் உண்டு. அதை டிரம்மில் வாங்கி, வடிகட்டி, கேனில் அடைத்துக் கொடுப்பது அவர் தொழில். பெரிய வாடிக்கையாளர், பை ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனி. அங்கே ஒரு தடவை சாயம் திட்டுத் திட்டாகப் பிடித்துவிட்டது. உடனே செல்வராஜின் திரவத்தை எங்களிடம் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். நாங்கள் 'இதில் வேறு பொருள் சேர்ந்திருக்கிறது' என்று எழுதிக்கொடுத்துவிட்டோம். கம்பெனி அவரை நிறுத்திவிட்டது.

"அந்த ஆர்டர் போனாக்கூடத் தொலையுது மேடம். செல்வராஜ் கலப்படக்காரன்னு தாராவில ஒரு பேச்சு கெளம்பிச்சுன்னா, பெறவு எவன் எங்கிட்ட வாங்குவான்? எங்கய்யா காலத்துலேருந்து அங்கதான் யாவாரம் பண்ணுதோம். ஒருத்தன் வெரல நீட்டிப் பேசுனது கெடையாது."

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மாதிரியை யார் கொண்டுவந்து கொடுக்கிறாரோ அவருக்குத்தான் அறிக்கை சொந்தம். அது யாருடைய சரக்கு என்பது பேச்சே இல்லை. கொடுத்தவரைத் தவிர வேறு யாரிடமும் அதைப் பற்றி வாய் திறக்கக்கூடாது.

"அது எங்க கிளையண்டோட ரிப்போர்ட். அதைப் பத்தி உங்ககிட்ட பேச எனக்கு அனுமதி இல்லை."

"எஞ் சரக்கப் பத்தி எங்கிட்டப் பேசக் கூடாதா?"

"கூடாது."

"இது என்ன ஞாயம் மேடம்?"

"நியாயம்னு சொல்லலை. ரூல்."

என்னை ஒரு பார்வை பார்த்தார். கேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு வந்த கோபம் அவர் மேல் இல்லை.

உள்ளே போய்ப் பழைய ஸ்பெக்ட்ரத்தை எடுத்துப் பார்த்தேன். அழகான ஸ்பெக்ட்ரம். சீப்பின் பல் மாதிரி, நாற்பத்துநான்கு நாற்பத்துநான்கு இடைவெளியில் ஒரே வரிசை முகடுகள். நாற்பத்துநான்கு என்பது எத்திலீன் ஆக்சைடு, நம் கணக்கில் மல்லி. கம்பெனிக்கு வேண்டியது மல்லி மட்டும் கட்டிய சரம், ஒரு முனையில் மெத்தில் என்ற முடிச்சோடு. ஆனால் சாஃப்ட்வேர், ஒவ்வொரு சரத்திலும் ஒரு மல்லிக்குப் பதில் ஒரு ரோஜா, அதாவது புரொப்பிலீன் ஆக்சைடு, இருக்கிறது என்று சொல்லிப் பச்சை டிக் போட்டிருந்தது. நான் லீவில் இருந்தபோது மாதிரியைப் பார்த்த ஜூனியர் அதை அப்படியே எழுதிக்கொடுக்க, மூர்த்தி சார் அடிவரியைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ரோஜா மல்லியைவிடப் பதினான்கு கனம். மெத்தில் முடிச்சும் சாதாரண முடிச்சைவிட அதே பதினான்குதான் கனம். ஒரு மல்லியை எடுத்துவிட்டு ரோஜா வைத்தாலும் எடை ஒன்றே, பூவெல்லாம் மல்லியாகவே இருந்து முடிச்சு மட்டும் பெரிதானாலும் எடை ஒன்றே. அணுக்களின் எண்ணிக்கைகூட ஒன்றே. உலகத்தில் எத்தனை துல்லியமான தராசு வாங்கினாலும் இந்த இரண்டையும் எடையால் பிரிக்க முடியாது. சாஃப்ட்வேரில் முனைகள் என்ன என்று கேட்கும் ஒரு பெட்டி இருக்கிறது. அதை யாரும் திறக்கவில்லை. திறக்காவிட்டால் அது தானாகவே இரண்டு முனையிலும் சாதாரண முடிச்சு என்று வைத்துக்கொள்ளும். அதன்பின் மிச்சமிருக்கும் பதினான்கை எங்கே வைப்பது? ஒரு ரோஜாவைச் செருகிவிட்டது.

அதிலும் எனக்குப் பொறுக்காத விஷயம் இதுதான். எல்லாச் சங்கிலியிலும் சரியாக ஒன்று! கொதிகலத்தில் இரண்டு பொருளைக் கலந்து கோபாலிமர் செய்தால் சில சங்கிலியில் ஒன்றுமே இருக்காது, சிலதில் இரண்டு, சிலதில் நாலு, இப்படித்தான் வரும். ஒவ்வொன்றிலும் எண்ணி ஒன்று வைக்க அங்கே யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? ஆனால் அவசரப்படவும் முடியாது. ரோஜாவையே முதல் பூவாக வைத்துக் கட்ட ஆரம்பிக்கும் தயாரிப்பும் உண்டு. அப்படியானால் சரியாக ஒன்றுதான் இருக்கும். செல்வராஜ் யோக்கியரா இல்லையா என்பது எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

மூர்த்தி சாரிடம் போனேன்.

"பார்ட்டி கேட்டது என்ன? வேற பொருள் இருக்கான்னு. இருக்குன்னு சொன்னோம்."

"இருக்குன்னு நமக்குத் தெரியாது சார். இன்னொரு டெஸ்ட் பண்ணினா தெரிஞ்சுடும். மிச்ச மாதிரி அலமாரிலதான் இருக்கு."

"யார் கேட்டா அந்த டெஸ்ட்டை? அவா கேக்கலையே. அவா சாம்பிளை அவா கேக்காம தொடப்படாது."

"அந்த மனுஷன் பேரு கெட்டுப்போறது சார்."

"அவர் நம்ம கிளையண்ட் இல்லைம்மா" என்றார், சாந்தமாக.

அந்தச் சாந்தத்தைத்தான் என்னால் தாங்கவே முடியாது. என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். பிறகு தோன்றியது. கிளையண்ட் இல்லை, அதுதானே தடை? ஆக்கிவிட்டால் போகிறது. ரிசப்ஷனில் அவர் எழுதிவைத்துப் போன எண்ணுக்கு அடித்தேன்.

"உங்க சரக்கை நீங்களே கொண்டுவந்து, உங்க பேர்ல டெஸ்ட்டுக்குக் குடுங்கோ. ஃபீஸ் கட்டுங்கோ. அப்ப அந்த ரிப்போர்ட் உங்களோடது. உங்ககிட்ட நான் பேசலாம்."

 அவர் வெடித்தார்.

"நீங்க தப்பா எழுதுவீய, அதச் சரி பண்ண நான் காசு கட்டணுமா?"

"தப்புன்னு நான் சொல்லலை. சொல்ல முடியாது."

"சரி, நீங்க ஒண்ணுமே சொல்லல. நான் ஒண்ணுமே கேக்கல. நாளைக்கு வாரேன்."

மறுநாள் அதே கேனோடு வந்தார், கம்பெனிக்குப் போன அதே டிரம்மில் எடுத்த சரக்கு. கையெழுத்துப் போடும் முன் அவரிடம் சொல்லவேண்டியதைச் சொன்னேன். "முடிவு உங்களுக்கு எதிராவும் வரலாம். வந்தா அப்படியேதான் எழுதுவேன். மாத்த மாட்டேன்."

பேனாவைப் பிடித்தபடி யோசித்தார். "டிரம்முக்குள்ள என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது மேடம். மேல ஒட்டியிருக்கதப் பாத்து வாங்குதேன். விக்கிறவன் என்னைய ஏமாத்தியிருந்தா, நானும் கலப்படக்காரன்தான், என்ன?" பிறகு கையெழுத்துப் போட்டார். "பண்ணுங்க. தெரிஞ்சுபோவட்டும்."

எடையால் முனை தெரியாது என்றால், முனையில் எதையாவது தொங்கவிட்டு மறுபடி நிறுக்க வேண்டும். இதுதான் வழி. சாதாரண முடிச்சு போட்ட, அதாவது மூடாத முனை ஒவ்வொன்றிலும் அசிட்டைல் என்ற ஒரு துண்டு போய் ஒட்டிக்கொள்ளும். ஒரு துண்டுக்கு நாற்பத்திரண்டு எடை கூடும். மெத்தில் முடிச்சு இருக்கும் முனை ஏற்கெனவே மூடிய முனை, அங்கே எதுவும் ஒட்டாது. ஆக, செல்வராஜின் சரக்கு சரியானது என்றால் ஒரு முனைதான் திறந்திருக்கும், வரிசை முழுவதும் நாற்பத்திரண்டு நகரும். ரோஜா வைத்த சரக்கு என்றால் இரண்டு முனையும் திறந்திருக்கும், எண்பத்துநான்கு நகரும்.

சொல்வதற்குச் சுலபம். இதைப் பிரிடின் என்ற திரவத்தில் செய்ய வேண்டும். அழுகிய மீனையும் எரிந்த ரப்பரையும் சேர்த்து மோந்தால் எப்படியிருக்குமோ அப்படி ஒரு நாற்றம். புகையை உறிஞ்சும் பெட்டிக்குள் வைத்துத்தான் செய்தேன், இருந்தாலும் மாடி முழுவதும் பரவிவிட்டது. அக்கவுண்ட்ஸ்காரர்கள் கதவைச் சாத்தினார்கள். மூர்த்தி சார் கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி எட்டிப் பார்த்துவிட்டு, கேட்காமலே போனார். எண்ணெய்ச் சூட்டில் பொறுமையாக வைத்து, ஆறவிட்டு, அமிலத்தை ஆவியாக்கி ஓட்டி, உலர்த்தினேன். பக்கத்திலேயே இரண்டு சாட்சி மாதிரிகளையும் அதே மாதிரி செய்தேன். எங்கள் அலமாரியில் இருந்தவை, ஒன்று நிச்சயமாக ஒரு முனை மூடியது, மற்றது நிச்சயமாக இரண்டும் திறந்தது. அவை சொன்னபடி நகர்ந்தால்தான் மூன்றாவது நகர்வதை நான் நம்புவேன்.

தட்டில் பொட்டு வைத்தேன். சாட்சி ஒன்று நாற்பத்திரண்டு நகர்ந்தது. சாட்சி இரண்டு எண்பத்துநான்கு. பிறகு செல்வராஜின் பொட்டு. லேசர் அடிக்க அடிக்க முகடுகள் மெல்ல எழும்பின. பழைய இடம் காலியாக இருந்தது. நாற்பத்திரண்டு தள்ளி முழு வரிசையும் நின்றது. எண்பத்துநான்கில் தேடினேன், வெறும் இரைச்சல். மறுபடி புதுப் பொட்டு வைத்து அடித்தேன். அதேதான். நாற்காலியில் சாய்ந்துகொண்டேன். ரொம்ப நாளைக்குப் பிறகு வேலையில் சந்தோஷமாக இருந்தது. அடுத்த நிமிடமே, இந்தச் சோதனையை முதலிலேயே செய்திருக்கலாமே என்று மறுபடி எரிச்சல் வந்தது.

அறிக்கை எழுதி மூர்த்தி சார் மேசையில் வைத்தேன். உள்ளங்கையை விரித்தார். 'வேறு பொருள் இல்லை' என்று அடிவரி சொன்னது.

"ஒரே லெட்டர்ஹெட்ல ரெண்டு விதமாப் போனா நம்ம பேரு என்னாறது?"

"நம்ம பேரைப் பத்திக் கவலைப்படறேளே சார், அவர் பேரு?"

அன்றுதான் கையை எடுத்து மேலே இருப்பதைப் படித்தார். சாட்சி மாதிரிகளின் ஸ்பெக்ட்ரத்தைப் பார்த்தார், செல்வராஜுடையதைப் பார்த்தார். அதற்கு எதிராக எதுவும் சொல்ல முடியாது என்று அவருக்கும் தெரியும், அவரும் வேதியியல்காரர்தான். கையெழுத்துப் போட்டார். ஆனால் பழைய அறிக்கையைத் திரும்பப் பெறுவதைப் பற்றி மட்டும், "பாக்கலாம்" என்றார்.

பார்க்கவில்லை. செல்வராஜ் தன் அறிக்கையைக் கம்பெனிக்குக் கொண்டுபோனார். அங்கே கொள்முதல் மேனேஜர் இரண்டு காகிதத்தையும் அக்கம்பக்கத்தில் வைத்துக்கொண்டு எங்களுக்குப் போன் செய்தார். மூர்த்தி சார் என்னையும் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"தோனோ ஆப்கா ஹை. சஹி கௌன்ஸா ஹை?" என்றார் மேனேஜர். இரண்டும் உங்களுடையது, எது சரி?

மூர்த்தி சார் என்னைப் பார்த்தார். நான் வேண்டுமென்றே சுவரைப் பார்த்தேன். இதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. ஸ்பீக்கரில் அந்தப் பக்கம் யாரோ இருமுவது கேட்டது, செல்வராஜாகத்தான் இருக்கும். மூர்த்தி சார் ஸ்பீக்கர் பக்கம் குனிந்தார்.

"பஹ்லா வாலா கலத் ஹை. சைன் மேரா ஹை." முதலாவது தப்பு, கையெழுத்து என்னுடையது.

ஜூனியரைச் சொல்லியிருக்கலாம். சாஃப்ட்வேரைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் மேல் எனக்கிருந்த கோபத்தில் கொஞ்சம் அன்று தள்ளுபடியாயிற்று. முழுவதும் இல்லை. செல்வராஜுக்கு ஆர்டர் திரும்பக் கிடைத்தது. சாயம் ஏன் திட்டுத் திட்டாகப் பிடித்தது என்று யாரும் எங்களிடம் கேட்கவில்லை.

சில மாதங்களுக்குப் பிறகு, ஒரு தோல் பை வாங்கத் தாராவிக்குப் போனவள் அவர் கடையையும் எட்டிப் பார்த்தேன். நாற்காலி போட்டு, கட்டிங் சாய், அதாவது அரை கிளாஸ் டீ, வரவழைத்தார். மேடம் போய் அக்கா ஆகியிருந்தேன். வியாபாரம் நன்றாக நடக்கிறதாம். இப்போதெல்லாம் ஒவ்வொரு டிரம்மையும் சோதனைக்கு அனுப்பிவிட்டுத்தான் கேனில் அடைக்கிறாராம். எனக்குப் பெருமையாக இருந்தது. அவர் அனுப்பிய மாதிரி எதுவும் என் கைக்கு வந்ததாக ஞாபகமில்லையே என்று அப்புறம்தான் உறைத்தது. மேசைமேல் கிடந்த அறிக்கையைப் பார்த்தேன். தாணேயில் இருக்கும் வேறொரு கூடத்தின் பெயர் போட்டிருந்தது.

"எங்ககிட்ட அனுப்பறதில்லையா?" என்றேன். குரல் எனக்கே நன்றாக இல்லை.

அவர் சங்கடப்பட்டார். மழுப்பவில்லை.

"கோவிச்சுக்கிடாதீங்கக்கா. ஒங்கள நம்புதேன். சாமி சத்தியமா நம்புதேன். ஆனா ஒங்க லேப நம்பணும்னா, நீங்க ஒருநாகூட லீவு போடாம இருக்கணும்லா?"

அவர் சொன்னதில் எங்காவது தவறு இருக்கிறதா என்று, பழக்கதோஷத்தில், தேடிப் பார்த்தேன். எனக்கு அவமானமாக இருந்தது. சாயைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தேன். ஓய்வு பெற எனக்கு அப்போது இரண்டே மாதம் இருந்தது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.